உன் அப்பா அந்தக் கார்டை ஏன் ஒப்படைத்தார்

பிரபு,

நலமா, சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிப்பதை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். நீ அனுப்பிய தபால் வந்து சேர்ந்தது. உன் கம்பெனியில் பெற்றோரையும் சேர்த்துக்கொள்கிற இன்ஷூரன்ஸ் வந்திருக்கிறது, பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், இனிமேல் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் நீங்கள் காத்துக் கிடக்க வேண்டாம், போன் பண்ணினால் டாக்டரைப் பார்க்க நேரம் கொடுப்பார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். பழைய வியாதி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், யாரும் தோண்டித் துருவப் போவதில்லை என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தும் இருந்தாய். கடைசியாக ஒரு வரி. 'அப்பா மாதிரி அவசரப்பட்டு எதையாவது பண்ணிவிடாமல் நிதானமாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.' அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. கொஞ்ச காலமாகவே எனக்கு எது நடந்தாலும் அடுத்த வீட்டில் நடப்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வீடு முழுக்கப் புகை சூழ்ந்த பிறகுதான் நான் உன் கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. பாத்திரத்தைத் தேய்த்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

போனில் சொல்லியிருக்கலாம். இரும்புலியூர் எஸ்.டி.டி. பூத்தில் எனக்குப் பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். மீட்டர் ஓடும். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதோடு உன் மாமனார் வருகிற வருஷம் ரிட்டையராகப் போகிறார், அவருக்கும் இலாகாவின் இலவச ஆஸ்பத்திரிக் கார்டை வைத்துக்கொள்வதா, ஒப்படைத்துவிட்டு வெளியே பாலிசி எடுப்பதா என்று குழப்பம், நீதான் அவருக்கு யோசனை சொல்கிறாய் என்று சுதா தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். யோசனை சொல்கிறவனுக்குத் தன் வீட்டில் நடந்தது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். உனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை உன் மாமா சொன்னார். மீதியை நான் சொல்கிறேன்.

நீ படிப்பை முடித்து நாக்பூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. அப்பா இன்னும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. மகனுக்கு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் மற்றது எதுவும் உனக்கு விளங்காது. வலி கிடையாது. வலி இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன். சில நாள் கழித்து அப்பாவிடம் சொன்னதும், மறுநாளே லீவு போட்டுவிட்டுத் தாம்பரத்தில் இருந்த இலாகா டிஸ்பென்சரிக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கே இருந்த டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிதாம்மா. லேடீஸ் சர்ஜரி செவ்வாய்க்கிழமை மட்டும்தான்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு அந்தக் கார்டு மேல் அவ்வளவு நம்பிக்கை. நீ பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில். உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பார்த்ததும் அங்கேதான். ஒரு பைசா கேட்டதில்லை. 'நம்ம ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்.

நம் ஆஸ்பத்திரி நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. மின்சார ரயிலில் ஏறி, இறங்கி, பஸ் மாறிப் போக வேண்டும். முதல் செவ்வாய்க்கிழமை நான் தனியாகத்தான் போனேன். போய்ச் சேர்வதற்குள் டோக்கன் தீர்ந்துவிட்டது. ஜன்னலில் இருந்த ஆள், "முடிஞ்சி போச்சிம்மா. இன்னா பண்றது, அடுத்த செவ்வா வா. காலைலயே வந்து நின்னுக்கினாதான் கெடைக்கும்" என்றான். அடுத்த வாரம் இருட்டோடு கிளம்பிப் போனேன். டோக்கன் கிடைத்தது. சர்ஜன் லீவு. அதற்கடுத்த முறை ஒரு சின்ன டாக்டர் பார்த்தார். பெரிய டாக்டர் அம்மா பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தேதி போட்டுக் கொடுத்தார். அந்தத் தேதி பொங்கல் கழித்து இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மழைக்காலத்தில். பொங்கல் கழித்துப் போனால் பெரிய அம்மா ஆபரேஷன் தியேட்டரில் ஏதோ அவசரக் கேஸில் மாட்டிக்கொண்டார். எல்லாருக்கும் வேறு தேதி. யாரும் யாரையும் திட்டவில்லை. அவர்களும் மனுஷர்கள்தான். ஒரு டாக்டருக்கு அத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம்.

அந்த பெஞ்சில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தார். பல்லாவரத்து மீனாட்சியம்மா. புருஷன் இறந்து, பென்ஷனில் இருப்பவர். வயிற்றுவலிக்காக வருஷக்கணக்கில் அங்கே வந்துகொண்டிருந்தார். முதலில் வருகிறவர் மற்றவருக்குப் பையை வைத்து இடம் பிடிப்போம். "வெளியில காட்டலாமேன்னு என் பொண்ணு சொல்றா. எதுக்கு? இங்க லேட்டாகும், ஆனா கைவிடமாட்டாங்க" என்பார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. காத்திருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, பிரபு. தேதி ஒன்று கையில் இருக்கும்வரைக்கும் வியாதியைப் பற்றி நினைக்க வேண்டாம். தேதியைப் பற்றி நினைத்தால் போதும். சுண்டைக்காய் நெல்லிக்காயானது எனக்குத் தெரியும். தேதி வரட்டும் என்று இருந்தேன்.

அதற்குள் அப்பா ரிட்டையரானார். அதன்பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கூடவே வந்தார். அவர் பார்த்த முதல் செவ்வாய்க்கிழமை அதுதான். பெண்கள் பக்கம் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் எதிரில் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். ரத்தம் எடுத்தாலும் எடுப்பார்கள் என்று நான் ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன். மத்தியானம் தாண்டியும் கூப்பிடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மீனாட்சியம்மா தோளில் சாய்ந்தது வரைக்கும்தான் ஞாபகம். முழித்துப் பார்த்தால் தரையில் கிடக்கிறேன், அப்பா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு தன் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார். அட்டெண்டர் வந்து, "ஒண்ணுமில்ல சார், பசி மயக்கம். அம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. டோக்கன் போவாது, நா பாத்துக்கறேன்" என்றான். நல்ல மனுஷன். அப்பா என்னைப் பார்த்து, "எத்தனை தடவை இப்படி வந்து உக்காந்திருக்க?" என்று கேட்டார். நான் எண்ணவில்லை என்றேன். உண்மையிலேயே எண்ணியிருக்கவில்லை. "எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்" என்றார். டோக்கன் கையில் இருக்கிறதே என்றேன். அதை என் கையிலிருந்து வாங்கி மீனாட்சியம்மாவுக்குப் பின்னால் இருந்த ஒரு கிழவியிடம் கொடுத்துவிட்டார்.

ரயிலில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. அவர் நின்றுகொண்டே வந்தார். கிண்டி தாண்டும்போது, "நீ அங்க தரையில கெடந்தத நான் பாத்துட்டேன். இனிமே என்னால உன்ன அங்க அனுப்ப முடியாது" என்றார்.

இலாகாவில் அப்போது ஒரு ஏற்பாடு இருந்தது. ரிட்டையரானவர்கள் கார்டை ஒப்படைத்தால் மருத்துவச் செலவுக்கென்று பென்ஷனோடு கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒருமுறை ஒப்படைத்தால் திரும்பக் கிடையாது. அதே சமயத்தில்தான் மெடிகிளெய்ம் என்ற பேச்சும் நம் பக்கம் புதிதாக அடிபட்டுக்கொண்டிருந்தது. இலாகா தருகிற பணத்தை அப்படியே பாலிசிக்குக் கட்டிவிடலாம் என்பது அப்பாவின் திட்டம். சம்பந்தம் என்று ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். அவர் ஏமாற்றினார் என்று உன் மாமா சொல்லியிருப்பார். இல்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது.

அப்பா அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "இது எடுத்தா டாக்டரப் பாக்க எவ்வளவு நாளாகும்?"

"அதுக்கும் பாலிசிக்கும் சம்பந்தமே இல்ல சார். குரோம்பேட்டையில, அடையாறுல, எந்த நர்சிங் ஹோம் வேணும்னாலும் நீங்க போலாம். அட்மிட் ஆனா, பில்லக் குடுத்தீங்கன்னா கம்பெனி பணம் தரும்."

"இன்னிக்குப் போனா இன்னிக்கே பாப்பாங்களா?"

"தாராளமா. ஆனா முதல் ஒரு மாசம் கிளெய்ம் பண்ண முடியாது. அப்புறம், ஏற்கெனவே இருக்கிற வியாதி எதுக்கும் கிடைக்காது. உங்களுக்கோ அம்மாவுக்கோ ஏதாவது இருக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "இவளுக்கு ஒரு கட்டி இருக்கு. ஆனா என்னன்னு இன்னும் எந்த டாக்டரும் சொல்லல. பாத்தாத்தான சொல்றதுக்கு?" என்றார்.

சம்பந்தம் பாரத்தில் அந்த இடத்தைத் தேடி எடுத்தார். "டாக்டர் வியாதின்னு சொல்லாதத நாம எப்படி சார் வியாதின்னு எழுத முடியும்? இல்லைன்னுதான் போடணும்" என்றார்.

அதில் பொய் எங்கே இருக்கிறது என்று நான் பல நாள் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை. ஒரு வருஷம் நடையாய் நடந்தும் ஒரு பெரிய டாக்டரின் விரல் என்மேல் படவில்லை. அதனால் அதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது வியாதி இல்லை. அப்பா கார்டை ஒப்படைத்தார். என் பெயரும் அதே கார்டில்தான் இருந்தது. அந்த ஒரு மாதம் கழியட்டும் என்று இருந்தோம். நாட்கள் மெல்லத்தான் போயின. அவர் வீட்டில் ஒரு இடத்தில் உட்காரவில்லை.

குரோம்பேட்டை நர்சிங் ஹோமுக்குச் சாயங்காலம் போனோம். பெயர் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது, வேறு யாரோ என் பெயரில் இருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. டாக்டர் உன் அப்பா வயதுக்காரர். நர்ஸை வைத்துக்கொண்டு பரிசோதித்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை, கட்டியை எடுத்துவிடத்தான் வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எத்தனை நாளா இருக்கும்மா இது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "பாலிசி ஏதாவது இருக்கா சார்?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா இருக்கிறது என்றும் எப்போது எடுத்தது என்றும் சொன்னார். டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார். "நான் இங்க என்ன எழுதறேனோ அதத்தான் அவங்க படிப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் வெளியில போய் யோசிச்சுட்டு வந்து சொல்லுங்க. நான் வெயிட் பண்றேன்" என்றார். எங்களுக்காக ஒரு டாக்டர் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

அப்பா எழுந்திருக்கவில்லை. "டாக்டர், ஒண்ணு கேக்கறேன். எத்தனை நாளா இருக்குங்கிறது தெரிஞ்சா வைத்தியம் மாறுமா?"

"மாறலாம். எவ்வளவு வேகமா வளருதுன்னு ஒரு கணக்கு எங்களுக்கு வேணும். ஆபரேஷனுக்கப்புறம் என்ன பண்றதுன்னு முடிவு பண்ண அதுவும் உதவும்."

"அப்ப எழுதிக்குங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போன வருஷமே இலாகா ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனா. அந்தச் சீட்டெல்லாம் வீட்டுல இருக்கு, நாளைக்குக் கொண்டாந்து தரேன்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். "சார், பணம் வராது" என்றார்.

"தெரியும். நீங்க எழுதுங்க."

பணம் வரவில்லை. அந்தக் கட்டி பாலிசிக்கு முன்னாலேயே இருந்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்குள் பொத்தேரி மனையை அப்பா விற்கப் பேசி முடித்திருந்தார். உனக்கென்று வாங்கிப் போட்டது. அப்போது அங்கே கருவேல முள்ளைத் தவிர ஒன்றுமில்லை. காலேஜும் கட்டடமும் வந்து, இன்றைக்கு விலை ஏறிக் கிடக்கிறது என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். எனக்கு ஆபரேஷன் ஆனது அந்த மனையில்தான் என்று வைத்துக்கொள்.

நீ பத்து நாள் லீவில் வந்தாய். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். இடது பக்கம் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் மரத்துப் போயிருந்தது. இப்போதும் அப்படித்தான். அங்கே எறும்பு ஏறினாலும் எனக்குத் தெரியாது. கூடத்தில் நீ பேசியதெல்லாம் கேட்டது. "இலவசமா பண்ணியிருக்க வேண்டிய ஆபரேஷன். கொஞ்ச நாள் காத்திருக்க முடியலையா உங்களுக்கு? கார்ட வேண்டாம்னு எழுதிக் குடுத்தது யாரு? அம்மாவக் கேட்டீங்களா?" அப்பா, "இல்லப்பா, கேக்கல" என்றார். அது உண்மை. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மீனாட்சியம்மாவோடு அந்த பெஞ்சிலேயே இருந்திருப்பேன். அப்போது என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தம்மா கார்டை விடவில்லை. பின்னால் ஒருநாள் பல்லாவரம் மார்க்கெட்டில் பார்த்தேன். பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்து அங்கேயே நல்லபடியாக எடுத்துவிட்டார்களாம். ஆள் தேறியிருந்தார். அவருக்கு வந்தது கல். எனக்கு வந்தது வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அவர் செய்தது சரி, அப்பா செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ மட்டும் எப்படிச் சொல்கிறாய்?

நீ ஊருக்குப் போன பிறகு நான் அவரிடம் கேட்டேன். "டாக்டர்கிட்ட நீங்க சொன்னத அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே. இல்லைன்னா நான் எழுதட்டுமா?" அவர் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். "வேண்டாம். புது ஊரு, புது வேலை. அங்க தனியா உக்காந்துகிட்டு உனக்கு என்ன ஆகுமோன்னு பயந்துகிட்டு இருக்கறதுக்கு, என்மேல கோபமா இருந்துட்டுப் போறான். கோபம்னா சாப்பிடுவான், தூங்குவான்" என்றார். எனக்கு அது சரி என்று பட்டதா, இல்லையா என்றுகூட ஞாபகமில்லை. அப்போது எனக்கு எதுவும் படவில்லை. கஞ்சியைக் குடித்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும் என்றார்கள். அதைத் தனியாரில் செய்ய மனை விற்ற பணம் போதவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். திரும்பவும் ரயில், பஸ், வரிசை, பெஞ்சு. தினமும். உன் அப்பாவுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று எழுதுகிறாயே, அந்த வராந்தாவில் அவரை நீ பார்த்திருக்க வேண்டும். பிளாஸ்க், தட்டு, ஒரு போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய் இடம் போட்டுவிடுவார். என்னைப் படுக்கவைத்துவிட்டு அவர் நிற்பார். செங்கல்பட்டிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வருவார்கள். அவர்களுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்து, எந்த அறை என்று கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அங்கிருந்த வார்டுபாய் அவரை ஆஸ்பத்திரி ஆள் என்றே நினைத்து, "சார், இன்னிக்கு மெஷின் ரிப்பேர், ஜனத்தாண்ட நீயே சொல்லிடு" என்று ஒருநாள் சொன்னான். இவரும் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

அதுமட்டுமில்லை. அந்த நாட்களிலேயே கார்டைத் திரும்பக் கேட்டு இலாகா ஆபீசுக்கும் நடந்தார். முடியாது என்று எழுத்தில் கொடுத்த பிறகும் போனார். எதற்குப் போகிறீர்கள், கொடுக்கமாட்டார்கள் என்று தெரியுமே என்றேன். "எனக்கில்ல. எனக்கப்புறம் நீ இருப்ப இல்ல?" என்றார். தனக்காக அவர் எங்கேயும் எவ்வளவு நேரமும் நிற்பார். நான் நிற்பதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. இதற்கு அவசரம் என்று பெயர் வைப்பதானால் வைத்துக்கொள்.

பிறகு அவர் போன விதம் உனக்குத் தெரியும். தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கடைக்காரர்கள் ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனார்கள். டாக்டர் வாசலுக்கே ஓடி வந்து பார்த்திருக்கிறார். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு நான் அழவில்லை என்று உன் அத்தைகள் பேசிக்கொண்டார்கள். அழுகை வரும் என்று நானும் எதிர்பார்த்தேன். சர்ச்சிலிருந்து ஐயர் வந்து ஜெபம் பண்ணினார், பெட்டியை மூடினார்கள், நீ மண் போட்டாய், வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டோம். நீ அப்பாவைப் பற்றி அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

இப்போது உன் மாமனார் விஷயம். கார்டை விடாதே என்றோ விட்டுவிடு என்றோ நான் சொல்லமாட்டேன். வயதானவர்கள் பாலிசியின் ஷரத்துகளைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, பிரபு. எந்த வாசலில் குறைவாக நிற்க வைப்பார்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். கால் வலிக்கிறது, கண் இருட்டுகிறது, கூட வருகிறவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அதற்காக எதை விடுகிறோம் என்று அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவரையும் உன் மாமியாரையும் ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப் போய், தலை முதல் கால் வரை பார்க்கச் சொல். என்னென்ன இருக்கிறது என்று பெயரோடு தெரிந்துகொள். அதன் பிறகு எந்தக் காகிதம் வேண்டும் என்று யோசியுங்கள். உன் மாமியாரிடம் தனியாகக் கேட்கச் சுதாவிடம் சொல். அவர் தானாகச் சொல்லமாட்டார்.

என் விஷயம். உன் பாரத்தை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். காலியாக விடச் சொன்ன இடத்தில் எழுதியிருக்கிறேன். எந்த வருஷம், எந்தப் பக்கம், யார் ஆபரேஷன் செய்தார், எத்தனை நாள் முன்னாலிருந்து இருந்தது எல்லாம். இதோடு சேர்த்துக்கொண்டால் சந்தோஷம். சேர்த்துக்கொள்ளமாட்டோம் என்றால் நீ அவர்களோடு சண்டை போட வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குப் போகிறேன். வரிசை இருக்கிறது. எனக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. என்னைக் கூட்டிப் போக நீ லீவு போட்டுக்கொண்டு வரவும் வேண்டாம்.

வேறொரு காரியத்துக்கு வா. அப்பா கல்லறை இன்னும் வெறும் மண்ணாகத்தான் இருக்கிறது. மழைக்கு ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. கல் வைக்கப் போகிறீர்களா, என்ன வாசகம் போட வேண்டும் என்று சபையில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். மகன் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வசனம் ஏதாவது போடலாம் என்று ஐயர் சொல்கிறார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உனக்கும் தெரியும். நீ வந்து எழுது.

அம்மா